எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

ஜூலை 8, செவ்வாய்

அங்கன்வாடி உதவியாளர் தங்கமாரி மீது எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் இதுவரை இல்லை. சொன்னவர்: அவருடைய வட்டார மேற்பார்வையாளர், இன்று காலை தொலைபேசியில்.

"வாய்மொழியா விளக்கம் கேட்டிருக்கேன் சார், அம்புட்டுதான். ஆனா தாய்மாரு விடுறதா இல்ல. வேற சென்டருக்கு மாத்துங்கன்னு நிக்கிறாங்க. திங்கக்கிழமை நேர்ல போறேன். பாத்துட்டுத்தான் முடிவு."

ஆக, திங்கள் வரை.

வெயில் இல்லை, மழையும் இல்லை. அய்யனார் கோவில் பக்கம் மலை முழுக்க மேகம். ராஜபாளையத்துக்கு வந்தது காற்று மட்டும். மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

செய்ய வேண்டியவை: ஸ்கூட்டருக்குப் பிரேக். பல் டாக்டர் (மறுபடி தள்ளிப்போடக் கூடாது). சரோஜாவுக்கு முழங்கால் தைலம்.

இத்தனைக்கும் காரணமான வீடியோவை ஞாயிறன்றே சரோஜா காட்டினாள். அவளுடைய தெருப் பெண்கள் குழுவில் வந்தது. அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்று மல்லிகா டீச்சர் அழைத்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர், கான்சாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் பணியாளர். கூரை ஒழுகிய செய்தி எழுதியபோது பழக்கம். இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். தங்கமாரி அவரிடம் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவர்.

வீடியோ இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை. கண்காணிப்புக் கேமராவின் படம். மரக்கலர் சேலை, கையில் ஒயர் கூடை. ஒரு பெண் கடைக்குள் வருகிறார், கையை நீட்டுகிறார், வாயில் போடுகிறார், போய்விடுகிறார். அடுத்து வேறு கடை, அதே பெண். பிறகு இன்னொரு கடை, அதே பெண். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பேச்சு கிடையாது, கோமாளி வரும்போது போடுகிற மாதிரி ஒரு இசை. மேலே எழுத்து: "ஓசி பால்கோவா அத்தை". போட்டது முதல் கடையின் முகநூல் பக்கத்திலேயே.

கீழே கருத்துகள். ஒருவர்: "பஸ்ஸும் ஓசி, பால்கோவாவும் ஓசி." சிரிப்புப் பொம்மைகள். எங்கள் தெருவில் தினமும் என்னைக் கும்பிடுகிற ஒருவரும் சிரித்திருக்கிறார்.

ஒரு பெண்ணின் முகத்துக்கு வட்டம் போட்டவன் தன் முகத்தை எங்கும் காட்டவில்லை.

ஜூலை 9, புதன்

பிரேக் சரியானது. கான்சாபுரம் வரை ஸ்கூட்டரிலேயே போனேன். வழியெல்லாம் எதிர்க்காற்று. கண்ணில் தூசி.

அங்கன்வாடி வாசலில் ஐந்தாறு தாய்மார். பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம் அது. யாரும் போகவில்லை. இன்று முட்டை நாள். வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தபடியே இருந்தார்கள். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "வீடியோ வந்ததுல இருந்து இப்படித்தான் சார். எத்தன முட்டை வேகுது, எத்தன தட்டுல விழுதுன்னு பாக்காவ."

வீடியோவை ஊர்க் குழுவில் போட்டது செல்வி. நல்ல வாய். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"நாங்க ஒண்ணும் திருடின்னு சொல்லல சார். கட கடையா ஓசியில தின்னுட்டு வந்தவ கையில பிள்ளைக முட்டையக் குடுக்கலாமான்னுதான் கேக்கோம். தப்பா?"

"இதுக்கு முன்னாடி என்னைக்காவது முட்டை குறைஞ்சிருக்கா?"

"கொறஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும்? இப்பத்தான பாக்கோம்."

உள்ளே போனேன்.

தங்கமாரி முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒவ்வொரு முட்டையையும் உரித்து, வாசல் பக்கம் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, பிறகுதான் தட்டில் வைத்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அவர் சொன்னது (வார்த்தை மாறாமல் இருக்க அங்கேயே குறித்தேன்):

"டீச்சருக்குப் பிரிவு விழா சார், அடுத்த வெள்ளிக்கிழமை. எங்க வட்டாரத்து உதவியாளரு எல்லாருமாச் சேந்து பால்கோவா குடுக்கணும்னு பேச்சு. நீ போயி ருசி பாத்து நல்ல கடையா முடிவு பண்ணிட்டு வா, மொத நாள் போயி வாங்கிக்கிடுவோம்னு என்னைய அனுப்புனாவ. முன்கூட்டி வாங்குனா கெட்டிப்படும்லா. நான் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதுமே வாங்க வாங்கன்னு கூப்பிட்டாவ. போனேன். சீனிதான் முந்திக்கிட்டு நின்னுச்சு. சரி, அடுத்த கடைன்னு போனேன். அங்கயும் அதே. மூணாவது கடையும் அதே. என்னடா இது, ஊருக்கே ஒரே அடுப்பான்னு நெனச்சேன். பொறவு தேரடிப் பக்கம் ஒரு சந்துக் கடை. போர்டு கூட இல்ல. அது நல்லா இருந்துச்சு. வியாழக்கிழமை வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"இதை வாசல்ல நிக்கிறவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். வீடியோவுல அப்படி இல்லையேங்காவ."

வரும் வழியில் பல் வலி. சரோஜா கிராம்பு தந்தாள்.

ஜூலை 10, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் போனேன். ஆடிப்பூரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் தேருக்குச் சாரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம்.

நானும் தங்கமாரி இறங்கிய இடத்தில் இறங்கினேன். கால் தரையில் படவில்லை, கூப்பாடு.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! ருசி பாருங்க! வாங்காட்டியும் பரவால்ல, ருசி பாத்துட்டுப் போங்க!"

கூப்பிட்டவர் பெயர் கருப்பசாமி. முப்பது வயது. முதல் கடையின் விற்பனையாளர். தட்டில் இருந்து ஒரு கிள்ளு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் கை நீட்டவே இல்லை. அவர் வைக்கும்போது கை தானாக விரிந்தது. இதைப் பேசாமல் காட்டினால் நான் நீட்டியதாகத்தான் தெரியும்.

தட்டின் மேல் சின்னதாக ஒரு ஆங்கிலப் பலகை. "ஆன் தி ஹவுஸ்". என்னவென்று கேட்டேன்.

"முதலாளி பையன் வச்சாரு. வீட்டு மேலன்னு ஏதோ அர்த்தமாம். நாங்க ருசித் தட்டும்போம்."

வீட்டின் செலவு, நீங்கள் கொடுக்க வேண்டாம் என்று பொருள். வெள்ளைக்காரன் வழக்கு. தருகிறவன் பெருந்தன்மையைத் தானே பலகை போட்டுச் சொல்லிக்கொள்வது. சரி, இருக்கட்டும். ஆனால் தட்டில் இருக்கும்வரை ருசி, ஹவுஸ், மரியாதை. அதே கிள்ளு தங்கமாரியின் வாய்க்குள் போனதும் ஓசி. கொடுத்தவனே பெயரை மாற்றுகிறான்.

என்னை யாரென்று சொல்லிவிட்டு, வீடியோவைக் காட்டினேன். கருப்பசாமியின் முகம் சுருங்கியது.

"கூப்பிட்டது நான்தான் சார். அந்த அக்கா பாட்டுக்கு ரோட்டுல போச்சு. கூப்புடுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். கூப்புடாம நின்னா அதுக்கும் கேமரா இருக்கு."

"உங்க பேரைப் போட்டு எழுதலாமா?"

"ஐயையோ, வேண்டாம் சார். பேரு வேண்டாம். புள்ளகுட்டிக்காரன்."

எழுதக்கூடாது என்று அவர் கேட்டதால் எழுதமாட்டேன். இங்கே மட்டும்.

பிறகு இரண்டாவது கடை, மூன்றாவது கடை. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று சாமி படம், மூன்று நிறத்தில் போர்டு. மூன்று போர்டின் அடியிலும் ஒரே வரி: "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை."

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மறுபடி வீடியோவை ஓட்டினேன். எத்தனையாவது முறை என்று தெரியாது. இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை, வட்டத்தைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையைப் பார்த்தேன். கேமரா தானாகப் போடுகிற சின்ன எழுத்து. முதல் காட்சியில் "கடை 1". அடுத்ததில் "கடை 2". அதற்கடுத்ததில் "கடை 3".

டீ ஆறிப்போனது.

மூன்றும் ஒருவருடையதுதான் என்று ஊருக்குள் பேச்சு உண்டு. எத்தனையோ வருடமாக உண்டு. ஒன்று மச்சான் பெயரில், ஒன்று மனைவி பெயரில் என்பார்கள். யாரிடமும் ஆதாரம் இருந்ததில்லை. வெளியூர்க்காரன் இறங்கி, முதல் கடை பிடிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போவான்; அதே கல்லாவுக்குத்தான் போகிறான். தங்கமாரி ஊர்ப்பேச்சு எதுவும் தெரியாதவர். நாக்கை மட்டும் நம்பினார். நாக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது.

மூன்று கடையின் கேமராவையும் ஒன்றாக வெட்டி ஒட்ட, மூன்றுக்கும் சொந்தக்காரனால்தான் முடியும். ஒரு பெண்ணைக் கேலி செய்கிற அவசரத்தில் அது அவனுக்கே தோன்றவில்லை.

வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில்.

ஜூலை 11, வெள்ளி

முதலாளியைப் பார்த்தேன். முதல் கடையின் கல்லாவில். அறுபது வயது, திருநீறு, நல்ல வரவேற்பு.

"உக்காருங்க சார். ஏலே, சாருக்கு ஒரு காப்பி சொல்லு."

"காப்பி வேண்டாம் அண்ணாச்சி. அந்த வீடியோ."

"அது பையன் தமாசுக்குப் போட்டது சார். நல்லா ஓடுது, யாவாரத்துக்கு நல்லதுங்கான்."

"அந்தம்மாவ உங்க ஆளு கூப்பிட்டுத்தான குடுத்தாரு?"

"கூப்புடத்தான் செய்வோம், யாவாரம்லா. அதுக்காக மூணு எடத்துலயும் தின்னுட்டு ஒரு கிராம் கூட வாங்காமப் போனா? நீங்களே சொல்லுங்க, வயிறு எரியாதா?"

"மூணு இடமும் உங்களதா அண்ணாச்சி?"

அவர் காலண்டரைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க வீடியோ."

மகனைக் கூப்பிட்டார். பையன் வந்தான், காதில் ஒயர். மூலையைக் காட்டினேன். அவன் அப்பாவியாகச் சொன்னான்: "ஆமாப்பா, மூணு கேமராவும் நம்ம வீட்டு ரெக்கார்டர்லதான..."

"வாய மூடுலே."

பிறகு குரல் தணிந்தது. "சார், பேப்பர்ல கீப்பர்ல போட்டுறாதீங்க. வீடியோவ எடுத்துருதோம். அந்தம்மாவுக்கு ஏதாவது செய்வோம்."

"அங்கன்வாடி வாசல்ல தாய்மாருங்க நிக்கிறாங்க. திங்கக்கிழமை மேற்பார்வையாளர் வாராரு. நீங்க நேர்ல வந்து, நாங்கதான் கூப்பிட்டோம், அந்தம்மா தப்பு ஒண்ணும் பண்ணலன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் வரணுமா? அங்கயா?"

அந்த "அங்கயா" இன்னும் காதில் இருக்கிறது.

மாலையில் வீடியோ இல்லை. வருத்தம் என்று ஒரு வரியும் இல்லை. எடுத்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பு. நாற்பது குழுக்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சரோஜாவின் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் இன்றுதான் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் நடுவீட்டில் இரண்டு பெரிய பால்கோவா டப்பா.

"நான் வாங்கல," என்றாள் சரோஜா. "முதலாளி குடுத்துவிட்டாராம், கடை மரியாதைன்னு ஒரு பையன் வச்சுட்டு ஓடிட்டான். என்னா வேகம்!"

"திருப்பிக் கொடுத்துடலாம்."

"குடுங்க. ஆனா எறும்பு வாரதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க."

மதுரையில் எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் பேசினேன். "நல்ல ஸ்டோரிதான் அண்ணே. ஆனா ஒரு கிள்ளு பால்கோவா விஷயம். திங்கக்கிழமை என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போடலாமே?" தயங்குவதற்கு வேறு காரணம் இருக்கலாம். நிச்சயம் இல்லாததை இங்கேயும் எழுத வேண்டாம்.

ஒரு கிள்ளு விஷயமாம்.

ஜூலை 12, சனி

டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லாவில் முதலாளி இல்லை. கருப்பசாமி வாங்கத் தயங்கினார். மேசை மேல் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். அதையும் வெட்டி ஒட்டட்டும்.

தீபாவளிக்குத் தீபாவளி இந்தத் தெருவில் இருந்து எத்தனை அலுவலகங்களுக்கு டப்பா போகிறது என்பது இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. நிருபர்களுக்கும் போகிறது. யார் முகத்துக்கும் யாரும் வட்டம் போட்டதில்லை.

பல் டாக்டர் விடுமுறை.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் தங்கமாரியிடமிருந்து போன். முதலாளியின் கார் அவர் வீட்டு வாசலுக்கே வந்ததாம். முதலாளி இல்லை, மகன். கையில் ஐந்து கிலோ டப்பா, இன்னொரு பையன் கையில் வீடியோ எடுக்கப் போன். "அத்தைக்கு எங்கள் அன்பளிப்பு" என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், இவர் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டுமாம். டீச்சர் விழாவுக்கு இதையே வைத்துக்கொள்ளலாமாம், எல்லாம் கடைச் செலவு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொத அந்தப் போன உள்ள வைங்கன்னேன். பொறவு கேட்டேன். ஏன் தம்பி, நீங்களாக் கூப்பிட்டுக் குடுத்த ஒரு கிள்ளுக்கு ஓசின்னு பேரு வச்சீங்க. இந்த அஞ்சு கிலோவுக்கு என்ன பேரு வைப்பீங்க? எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"அத்தை கோவமா இருக்காவ, நல்லா வரும், எடுலேன்னு மத்தவன்ட்டச் சொன்னான் சார். கதவச் சாத்திட்டேன்."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் கூடத்தில் நடந்தேன். சரோஜா, "கால் வலி எனக்கா உங்களுக்கா, உக்காருங்க" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

போகும்போது சாரல். கான்சாபுரம் தாண்டியதும் வெளுத்துவிட்டது. முட்டை நாள். வாசலில் தாய்மார். மேற்பார்வையாளர் வந்திருந்தார்.

முதலாளி வரவில்லை. கருப்பசாமி வந்தார், வத்திராயிருப்பு பஸ்ஸில், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. முதலாளி அனுப்பியிருக்கிறார். தான் வருவதற்குப் பதில் ஆள். ஆனாலும் அவர் வாசலில் நின்று சொன்னார். இன்று தன் பெயரைப் போட்டே எழுதலாம் என்றும் சொன்னார்.

"நான்தாம்மா கூப்பிட்டேன். அக்கா பாட்டுக்குப் போச்சு. வாங்காட்டியும் பரவால்லன்னு சொல்லித்தான் குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம்."

செல்வி: "உங்க முதலாளி எங்க?"

"அவியளுக்கு ஜோலி."

"மத்த ரெண்டு கடையில கூப்பிட்டது யாரு?"

"அங்கயும் நம்ம ஆளுகதாம்மா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நம்ம ஆளுகன்னா? மூணும் ஒரே கடையா?" செல்வியின் குரல் ஏறியது. "அடப்பாவிகளா! மொதக் கடை வேண்டாம், ரெண்டாவது கடையிலதான் வாங்கணும்னு எங்க மாமியா நாலு வருசமா என்ட்டச் சண்டை போடுதாளே!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கமாரி சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளர், "அப்ப சரிதானம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். தாய்மார் நகர்ந்தார்கள். தங்கமாரி அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"நில்லு செல்வி. எண்ணிட்டுப் போ."

"எதுக்குக்கா? அதான் தெரிஞ்சுபோச்சுல்ல."

"அன்னைக்கு வீடியோவப் பாத்துட்டு நம்புன. இன்னைக்கு இந்தத் தம்பி பேச்சக் கேட்டு நம்புத. எம் முகத்தப் பாத்து எப்ப நம்புன? இத்தன வருசமா ஓம் மூத்தவனுக்கும் இளையவளுக்கும் நான்தான் சோறு ஊட்டுதேன். எண்ணிட்டுப் போ."

செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எண்ணினாள். உள்ளே ஒரு பிள்ளை பசிக்குது என்றது.

நான் அதைப் படம் எடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பல் பிடுங்கியாகிவிட்டது. பேச வேண்டாம் என்றார் டாக்டர். போனில் பேச வேண்டியிருந்தது.

மேற்பார்வையாளர்: தங்கமாரி அதே மையத்தில் தொடர்வார் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். கையெழுத்து நாளை, புதன். டெஸ்க்: வியாழன் இதழ், இடம் இருந்தால். கடையின் மகன்: வருத்தம் தெரிவித்து ஒரு வீடியோ போடுவதாகச் சொன்னான், எப்போது என்று சொல்லவில்லை. மூன்று போர்டுகள்: அப்படியே இருக்கின்றன, காலையில் கருப்பசாமியிடம் கேட்டேன். அவர் வேலையில் இருக்கிறார், இன்றுவரை.

மல்லிகா டீச்சர் பேசினார். விழா வெள்ளிக்கிழமை உறுதி. வட்டாரத்து உதவியாளர்கள் கூடிப் பேசி, தங்கமாரியே போய் வாங்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவரும் சரி என்றிருக்கிறார். தேரடிச் சந்துக் கடைதான். ஒரு நிபந்தனை மட்டும்.

"கூட ஒருத்தி வரணுமாம் சார். வாங்குவேன், தூக்கிட்டு வாரேன், வாயில மட்டும் வைக்க மாட்டேங்கா. நல்லா இருக்கான்னு கூட வாரவதான் ருசி பாக்கணுமாம்."

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். விஷயத்தைப் போனில் சொன்னதும், என் பொருளை அந்தக்கா ருசி பார்க்காமல் கட்டித் தரமாட்டேன் என்கிறாராம் சந்துக் கடைக்காரர். வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் போகிறார்கள். என்ன ஆனது என்பது அன்று இரவுதான் தெரியும்.